பல்வலி என்று சொல்லி மாடி ஏறியவர்கள்

மனநல ஆலோசகன் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நம்மிடம் வந்து குணமானவரும் நம்மைத் தெரியும் என்று வெளியில் சொல்ல மாட்டார், குணமாகாதவரும் சொல்ல மாட்டார். ஆகவே நான் கெட்டிக்காரனா இல்லையா என்பது தென்காசியில் யாருக்கும் தெரியாது. எனக்கும் சில நாள் தெரியாது.

அடுத்தவர் சொல்வதைக் கேட்டுப் பிழைப்பவராக நீங்களும் இருந்தால், அதாவது முடி வெட்டுபவர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பள்ளிக்கூட வாத்தியார், பெரிய குடும்பத்தில் மூத்த மருமகள் இப்படி யாராக இருந்தாலும், என் பாடு உங்களுக்குப் புரியும். நாமெல்லாம் ஒரே படகில் போகிறவர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

போர்டு

பள்ளிப்படிப்பு முடிந்ததும் உளவியல் படிக்க சென்னை போனேன். பிறகு பெங்களூரில் மருத்துவ உளவியல். பிறகு சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில், குளிரூட்டிய அறையில், மெல்லிய குரலில் பேசும் வேலை. தென்காசி தனி மாவட்டமானதும் எனக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. கலெக்டர் வந்துவிட்டார், எஸ்.பி. வந்துவிட்டார், மனநல ஆலோசகர் ஒருவர்தான் பாக்கி என்று எனக்கு நானே தீர்மானம் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். ரத வீதிக்குப் பின்னால் ஒரு மாடி கிடைத்தது. கீழே பல் ஆஸ்பத்திரி. மாடிப்படிக்குப் பக்கத்தில் என் பெயர், பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டமெல்லாம், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'ஆளுக்கேற்ற சிகிச்சை' என்று போர்டு மாட்டினேன். அந்த வரி என் பெருமை. எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது, அவரவர் சுபாவம், வேலை, வீடு, பயம் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக யோசித்துச் செய்வேன் என்று அர்த்தம்.

முதலில் மாடி ஏறி வந்தவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர். போர்டில் உள்ள பட்டங்களை வாய்விட்டு முழுக்கப் படித்துவிட்டு உள்ளே வந்தார். மாத்திரை உண்டா என்றார். நான் மாத்திரை எழுதுவதில்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன் என்றேன். ஊசி? இல்லை. ஸ்கேன்? அதுவும் இல்லை. பேசித்தான் சரிசெய்வேன் என்றேன், சென்னையில் பழகிய அதே மெல்லிய குரலில். அவர் அறையை ஒரு சுற்று பார்த்தார். எதிரெதிரே நாற்காலிகள், ஒரு பூந்தொட்டி, கண் துடைக்க ஒரு காகிதப் பெட்டி. அவருக்கு என்மேல் நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது.

"மருந்து இல்ல, மாயம் இல்ல, சும்மா ரெண்டு நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கிய. இதுக்கா தம்பி பெங்களூரு வரைக்கும் போனிய?"

கன்னத்தில் கை

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. கவலையில் இருப்பவர்கள்தானே, அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தெருவில் யாராவது பார்த்துவிட்டால் பல்வலி என்று சொல்வதற்காக அந்த ஏற்பாடு. கிறுக்குக்கு வைத்தியம் பார்க்கப் போகிறான் என்று பேர் வாங்குவதைவிட சொத்தைப்பல் மேல் அல்லவா? கீழே இருக்கும் டாக்டர் கோமதிக்கு ஊரில் ஏகப்பட்ட கைராசி என்று பேர் வந்ததில் என் பங்கும் உண்டு. அவரிடம் கூட்டம் அலைமோதுகிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் கீழப்பாவூரிலிருந்து சுபேதார் பேச்சிமுத்து வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கிய மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கன்னத்தில் கை. படிக்கட்டை நெருங்கும்போது பார்த்தால், பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் ஊர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். "என்ன அண்ணாச்சி, பல்லா?" என்று அவர் கேட்க, "ஆமா" என்று சுபேதார் சொல்ல, நர்ஸ் கூப்பிட, போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கோமதி வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தார். உள்ளே நிஜமாகவே ஒரு கடைவாய்ப்பல் கெட்டுப்போய் இருந்தது. எடுத்துவிடலாமா என்றார். ஊர்க்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுங்க என்று சொல்லிவிட்டார் சுபேதார். பல் போன கையோடு, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஊர்க்காரர் போன பிறகு மாடி ஏறி என்னிடம் வந்தார். விஷயம் புரிந்ததும் கோமதி பின்னாலேயே ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"உங்க பேஷண்டுக்கு நான் பல்லைப் புடுங்கிட்டேன் சார். ஆனா ஒண்ணு, இப்ப லேசா இருக்கான்னா தலையாட்டுறாரு. உங்ககிட்ட வந்த யாரும் முதல் நாளே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல."

பேச முடியாதவரோடு பேச்சு சிகிச்சை

பேசித்தான் சரிசெய்வேன் என்று சொல்லி உட்கார்ந்திருப்பவனுக்கு வாயில் பஞ்சுடன் ஒரு ஆள். "உங்கள் மனதில் இப்போது என்ன ஓடுகிறது?" என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி கேட்டேன். "ம்ம்" என்றார். "எவ்வளவு நாளாக?" "ம்ம்." இப்படிக் கொஞ்ச நேரம் போனது. நான் அவர் சொன்ன 'ம்ம்'களில் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அவர் மனைவி பார்வதி அக்கா வந்து சேர்ந்தார். சேர்ந்து வந்தால் சந்தேகம் வரும் என்று அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"அவியளால முடியாது, நான் சொல்லுதேன். அதுக்கு முன்னால நீங்க யாரு மகன்?" என்றார். கடையநல்லூரில் வாத்தியாராக இருந்த என் அப்பாவைச் சொன்னேன். அம்மா எந்த ஊர்? சுரண்டை. சுரண்டையில் எந்தத் தெரு? நான் தெருவைச் சொல்லி முடிப்பதற்குள் நான் அவருக்குக் கொழுந்தன் முறை ஆகிவிட்டேன். சொந்தக்காரர்களுக்குச் சிகிச்சை செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கறாரான விதி. அதைச் சொல்லி, திருநெல்வேலியில் வேறு ஆளிடம் அனுப்புகிறேன் என்றேன். "சொந்தக்காரன்ட்ட சொல்லாம பின்ன அசலூர்க்காரன்ட்டயா போயிச் சொல்லுவாவ?" என்று கேட்டார். அந்த விதியைத் தென்காசியில் கடைப்பிடித்தால் நான் யாரையுமே பார்க்க முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விதியை மடித்து உள்ளே வைத்தேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள் செல்வி, புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மருமகனுக்கு அங்கே மளிகைக்கடை. செல்விக்குத் தலைப்பிரசவம். ஆனியில் வளைகாப்பு முடித்து, ஆடி பிறக்கும் முன்னால் கீழப்பாவூருக்குக் கூட்டி வர வேண்டும். மலைப்பாதையில் காரும் பஸ்ஸும் வளைந்து வளைந்து வந்தால் அவளுக்கு ஆகாது, ரயிலில் கூட்டிப்போங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் என்றால் செங்கோட்டையைத் தாண்டி மலையைக் குடைந்த குகைகள். முன்பு ஒரு தடவை நீளமான குகைக்குள் ரயில் கொஞ்ச நேரம் நின்றுபோனது. விளக்கும் இல்லை. அன்றைக்கு சுபேதாருக்கு மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, காது அடைத்து, செத்தோம் என்றே நினைத்துவிட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு புனலூருக்கு பஸ்தான். கேட்டால் 'பஸ்ஸுன்னா மலையைப் பாத்துக்கிட்டே போலாம்' என்பார். மகளுக்குக்கூடக் காரணம் தெரியாது. இதையெல்லாம் பார்வதி அக்கா சொல்லும்போது சுபேதார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மீசைக்காரரின் கண் கலங்கியிருந்தது. பஞ்சினால் என்று நான் நினைக்கவில்லை.

"பனியில எல்லையக் காத்த மனுசன் தம்பி, இப்ப ரயிலு சத்தம் கேட்டாலே வேர்த்துக் கொட்டுது. அங்கன அவ என்னன்னா, அப்பா வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு நிக்கா."

மச்சானுக்குக் கொடுத்ததே

நடுவில் ஒரு சின்னக் கதை. இதைச் சொல்லாவிட்டால் 'ஆளுக்கேற்ற சிகிச்சை'க்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்து, தன் மச்சானுக்கு என்ன கொடுத்தேனோ அதையே தனக்கும் கொடுக்கச் சொன்னார். யார் வந்தார், வரவில்லை என்று நான் சொல்லக்கூடாது, அது ரகசியம் என்றேன். "அவனே சொன்னாம்லா" என்றார். ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குச் செய்ய முடியாது, ஒவ்வொருவர் மனசும் வேறு என்று பொறுமையாக விளக்கினேன். பந்தியில் பக்கத்து இலைக்கு மட்டும் பாயசம் ஊற்றிவிட்டுப் போனதுபோல என்னைப் பார்த்தார். பல வாரம் வந்தார். தூக்கம் வருகிறது, கோபம் குறைந்துவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் கடைசி நாள் வரை அந்தக் குறை தீரவில்லை.

"மச்சான அன்னைக்குத் தேம்பித் தேம்பி அழ வச்சு அனுப்பியிருக்கிய. எனக்கு ஒரு சொட்டு வரல. ஆளுக்கொரு நியாயமா சார்?"

செங்கோட்டை ஸ்டேஷன்

சுபேதாருக்கு முதலில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். மெதுவாக இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். மனசு தளர்வதற்கான பயிற்சி அது. அவர் எழுந்து, குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் நிற்பவர்போல மூச்சு விட்டார். தளர்வாக இருங்கள் அண்ணாச்சி என்றால் இன்னும் விறைத்தார். கண்ணை மூடி அமைதியான இடம் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். என்ன தெரிகிறது என்று கேட்டால், செல்வி புனலூர் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்பது தெரிகிறது என்றார். அதற்கு மேல் என்ன பயிற்சி செய்ய?

சரி, படிப்படியாகப் பழக்குவோம் என்று முடிவு செய்தேன். பயப்படும் பொருளைக் கண்டு ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கச் செய்வது எங்கள் தொழிலில் நல்ல முறை. முதலில் செங்கோட்டை பிளாட்பாரத்தில் நிற்பது, பிறகு நிற்கிற ரயிலில் ஏறி உட்கார்வது, கிளம்பும் முன் இறங்கிவிடுவது. ஒரு நாள் அப்படி ஏறி உட்கார்ந்தார். வேர்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பயம் வரும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டு கையையும் ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். ஊதல் சத்தம் கேட்டது. சுபேதார் ஒரே தாவில் பிளாட்பாரத்தில் இருந்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு கிடைத்தபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. குகைக்குள் தனியாகப் போய், ஆரியங்காவில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். டிக்கெட் பரிசோதகர் கண்ணில் படாததுதான் அன்றைக்கு என் சிகிச்சையின் ஒரே வெற்றி. பஸ் வரும் முன் சுபேதாரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சார், குகை தாண்டியாச்சா? பயம் தெளிஞ்சிட்டா உங்களுக்கு?"

துணிக்குக் காவல்

இப்படி இருக்கையில் சாரல் ஆரம்பித்துவிட்டது. மேகம் மலையில் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் என் மாடியில் ஈ ஆடாது. "சீசன் சார், அருவியில தலையக் காட்டிட்டு வாறோம், அதுக்கப்புறமும் இருந்தா உங்ககிட்ட வாறோம்" என்று போன் போட்டுச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் புத்தி தடுமாறினவர்களை அருவிக்குக் கீழே நிறுத்தி எடுப்பது காலங்காலமாக நடக்கிற வைத்தியம். வெளியூரிலிருந்தும் கூட்டி வருவார்கள். சென்னையில் நான் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். படித்தவன் என்று காட்டிக்கொள்ள அது ஒரு வசதி.

அந்தச் சிரிப்புக்குள் இன்னொரு சங்கதி உண்டு. தென்காசிக்காரனாகப் பிறந்து, நான் மெயின் அருவிக்குள் தலையை நீட்டியதே இல்லை. தண்ணீர் மண்டையில் இறங்கும், மூச்சு நிற்கும் என்று எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்து குடும்பத்தோடு குற்றாலம் போனால், "நீங்க எல்லாரும் போங்க, துணிக்கு நான் காவல் இருக்கேன்" என்று தியாகிபோல உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் அத்தனை பேரும் என்னைப் பொறுப்பான பிள்ளை என்று பாராட்டினார்கள். பயத்தைப் பொறுப்பு என்று பேர் மாற்றி இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். சுபேதாரின் 'மலையைப் பாத்துக்கிட்டே போலாம்' எனக்கு அவ்வளவு சுலபமாகப் புரிந்ததற்கு என் படிப்பு காரணமில்லை. கோமதி டாக்டர் குடும்பத்தோடு போனபோது ஒரு நாள் என்னை அருவிக்கரையில், மடியில் நாலைந்து பேர் சட்டையும் கழுத்தில் துண்டும் போட்டு உட்கார்ந்திருந்த கோலத்தில் பார்த்துவிட்டார்.

"ஏன் சார், ஊர்ல உள்ள பயத்தையெல்லாம் போக்குறேன்னு போர்டு மாட்டிட்டு, இங்க வந்து துண்டு மடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

மெயின் அருவி

ஆனி பாதி போய்விட்டது. வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். பார்வதி அக்கா தினமும் போன் செய்தார். சுபேதார் அந்த வாரம் வரவில்லை, 'சீசன்' என்று சொல்லிவிட்டார். எனக்குத் தோல்வியை ஒத்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டதோ என்றிருந்தது. அந்தப் பெண் அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே இந்த மனிதர் வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறார், நான் மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரில் பார்த்து, வேறு யாரிடமாவது அனுப்பலாம் என்று குற்றாலத்துக்கே போனேன். அவர் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் சட்டையையும் வாட்ச்சையும் என் கையில் கொடுத்துவிட்டு அருவிக்குள் போனார். வழக்கம்போல நான் காவல்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட, இரைக்க இரைக்க, முகமெல்லாம் சிரிப்பு. "ஆத்தாடி, மூச்சு முட்டிட்டு சார். நெஞ்சு திக்கு திக்குனு அடிக்கி. காது அடைச்சு ஒரு எழவும் கேக்கல, கண்ணத் தொறக்க முடியல. என்னா சொகம்!" என்றார். நான் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மூச்சு முட்டுவது, நெஞ்சு அடிப்பது, காது அடைப்பது. குகைக்குள் அவருக்கு என்னென்ன ஆனதோ அத்தனையும் இங்கேயும் ஆகியிருக்கிறது. அங்கே சாவு என்று நினைத்தார், இங்கே சுகம் என்கிறார். உடம்பு செய்வது ஒன்றுதான். சென்னையில் இதற்காகவே ஆட்களை ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வோம், நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றுவோம், பயம் வந்தால் உடம்பு என்ன செய்யுமோ அதைப் பயமில்லாத இடத்தில் செய்யவைத்துப் பழக்குவோம். பக்கத்தில் இவ்வளவு பெரிய அருவியை வைத்துக்கொண்டு நான் செங்கோட்டையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஈரத்தோடு அவரை உட்காரவைத்துச் சொன்னேன். "அண்ணாச்சி, குகையில் உங்களுக்கு வந்ததும் இதேதான். இதனால் யாரும் சாவதில்லை. உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். மறுபடி உள்ளே போங்கள், மூச்சு முட்டும்போது வெளியே வராதீர்கள், குகைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு நில்லுங்கள், இறங்குகிறதா பாருங்கள்." அவர் யோசித்தார். நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிறகு, "நீங்க நின்னு பாத்திருக்கியளா?" என்றார். நான் துணி, வாட்ச், காவல் என்று ஏதோ சொன்னேன். "எவனும் தூக்க மாட்டான், வாங்க" என்று சட்டையை ஒரு பாறையில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். பட்டாளத்துப் பிடி.

அந்தத் தண்ணீர் விழுந்ததும் எனக்கு நான் படித்தது எதுவும் ஞாபகம் இல்லை. பெங்களூர் போயிற்று, சென்னை போயிற்று. "விடுங்க, விடுங்க" என்று கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. ஓடப் பார்த்தேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவரின் இடுப்புத் துண்டை நான் பிடித்து இழுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். சுபேதார் என்னை, குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள அருவிக்கடியில் நட்டிருக்கும் கம்பியோடு சேர்த்து நிறுத்தி, என் கையைக் கம்பியில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு, காதுக்குள் சத்தம் போட்டார். நான் அவருக்குச் சொன்னதை எனக்கே, என்னைவிட நன்றாகச் சொன்னார்.

"ஓடாதிய, நில்லுங்க! முட்டத்தான் செய்யும், முட்டட்டும்! செத்த நேரம் நின்னா அதுவா அடங்கிரும்!"

பிளாட்பாரம்

அடங்கியது. இரண்டு பேருக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் விழுந்த நாளெல்லாம் நாங்கள் அருவிக்குப் போனோம். அவர் கண்ணை மூடி, குகை, குகை என்று சொல்லிக்கொண்டு நிற்பார், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சிகிச்சையை ஆளுக்கேற்றபடி செய்திருக்கிறேன் என்று தோன்றியது. அது எந்த ஆளுக்கு என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம்.

வளைகாப்புக்குப் புறப்பட்ட அன்று விடிந்ததும் அருவியில் நின்றுவிட்டு, தலை ஈரம் காயும் முன் செங்கோட்டையில் ரயில் ஏறினார். சுபேதார், பார்வதி அக்கா, துணைக்கு நான், போகும்போது மட்டும். குகை வந்தது. சத்தம் சுவரில் மோதித் திரும்பி, அருவி இரைச்சல் போலவே இருந்தது. ஜன்னல் கம்பியை அவர் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துவிட்டது. நெற்றியில் வேர்வை. எழுந்துவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்தது. அவர் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது: "முட்டட்டும், முட்டட்டும்." பிறகு பச்சையாக வெளிச்சம் வந்தது. பார்வதி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. அடுத்த ரயிலில் நான் திரும்பிவிட்டேன்.

செல்வியோடு அவர்கள் வருகிற அன்று செங்கோட்டை பிளாட்பாரத்தில் போய் நின்றேன். போக வேண்டிய அவசியமில்லை, இருப்புக் கொள்ளவில்லை. உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ரயில் நின்றது. முதலில் சுபேதார் இறங்கினார், மீசை முறுக்கியபடியே இருந்தது. கையைப் பிடித்து மகளை இறக்கினார். கை நிறைய வளையல், முகம் நிறையக் களைப்பு, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "குகைக்குள்ள எனக்கு மூச்சு முட்டிட்டு மதினி, அப்பாதான் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமில்லட்டி, அதுவா அடங்கிரும்னாவ" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை வருடப் படிப்புக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் சம்பளம் வாங்கியதுபோல இருந்தது.

அப்போதுதான் செல்வி என்னைப் பார்த்தாள். "யாருப்பா இது?" என்று கேட்டாள். வேன் நிறைய வந்த உறவு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சுபேதார் என்னைப் பார்த்தார், உறவுகளைப் பார்த்தார். என் தோளில் கைவைத்து, ஒரு அழுத்து அழுத்தினார். இன்னொரு கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"நம்ம பல்லு டாக்டரும்மா. நல்ல கைராசி. இவிய புடுங்குனா வலியே தெரியாது."

சென்னையும் பெங்களூரும் போய் மனசைப் படித்து வந்த நான், கீழப்பாவூர் வட்டாரத்தில் இன்றைக்கு என்னை அழைக்காத கல்யாணம் இல்லை என்ற அளவுக்குப் பேர்பெற்றிருக்கிறேன், பல் பிடுங்குவதில்.